தணல் விழாத விறகு

அன்று மண்டபத்தின் பின்பக்கம் இருந்தவர்கள் இவர்கள்.

சமையல் பண்டாரி ஷரீப் பாய். கையில் ஆள் உயரக் கரண்டி.

அவருடைய ஆட்கள் இருவர். பீடி பிடிக்கப் போக நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். கடைசி வரை போகவில்லை.

என் அத்தா. புதுச் சட்டை, அத்தர் வாசனை, நெற்றியெல்லாம் வேர்வை.

பிரியாணி தேக்சா இரண்டு. (இவற்றையும் ஆள் கணக்கில்தான் சேர்க்கிறேன். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அவற்றின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.)

பிறகு நான். காதர். மணப்பெண்ணின் அண்ணன். விறகுக்குப் பொறுப்பு.

மரத்தில் இரண்டு ரகம் உண்டு. எரிந்து தணலாகிற மரம் ஒன்று. எரிந்து ஒன்றுமில்லாமல் போகிற மரம் இன்னொன்று. இது அடுப்புப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். எனக்கு என் தங்கை நூர்ஜகானின் நிக்காஹ் அன்று, பிரியாணி தம்முக்கு நிற்கும்போதுதான் தெரிந்தது.

நான் ஏழாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பஞ்சர் கடையில் வேலை. அதிகம் பேசமாட்டேன். பேசாதவன் யோசிக்கிறவன் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் விஷயத்தில் அது தப்பு.

நூருவுக்கு எலவனாசூர்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம். பேச்சுவார்த்தைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமா ஜப்பார் மாமா வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது சொன்னார்.

"சம்பந்தி, நக நட்டு, வண்டி கிண்டி எதுவும் நாங்க கேக்கல. ஒண்ணே ஒண்ணு. பிரியாணி மட்டும் விறகு அடுப்புல இருக்கட்டுங்க. கேஸ்ல ஆக்கினது எனக்கு நெஞ்சக் கரிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அத்தாவுக்குச் செருப்புக் கடை. கவலை வந்தால் செருப்பை மாட்டிக்கொள்வார்.

"அவங்க கேட்டது அது ஒண்ணுதான். அதுல கொற வந்துச்சின்னா நூரு காலத்துக்கும் சொல்லு கேக்கணும். விறகுக்கு யாரைப் புடிக்கிறது?"

நான், "நான் பாத்துக்கிறேன் அத்தா" என்றேன்.

நூரு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். என்னை யாரும் அதுவரை எதற்கும் பொறுப்பாக்கியதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் அன்றைக்கு வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"மரத்தப் பத்தி உனுக்கு இன்னாடா தெரியும்?" என்றார் அத்தா.

"விறகுதான அத்தா. பொளந்தா விறகு."

இந்த ஒரு வாக்கியத்தில் நான் செய்யப்போகிற தப்பு முழுவதும் இருந்தது. அங்கே யாரும் கவனிக்கவில்லை.

ஏழுமலை என்று எனக்கு ஒரு சிநேகிதன். என்னோடு ஏழாவது வரை படித்தவன். கச்சிராயபாளையத்தில் அணைத் தண்ணீரில் கரும்பு போடுகிறான். ஒரு சின்ன லோடு வண்டியும் வைத்திருக்கிறான். அவனிடம் சொன்னேன். வெள்ளிமலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய பட்டா நிலத்தில் காற்றுக்குச் சாய்ந்த புளிய மரம் கிடக்கிறது, நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றான். ஃபாரஸ்ட் மரத்தைத் தொட்டால் கேஸ். இது சொந்த நிலத்து மரம். பிரச்சினை இல்லை. மறுநாள் வளைவு வளைவாக மலை ஏறினோம். மடியில் புதுக் கோடாலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நிலத்துக்காரர் சாமைக் கொல்லையில் வேலையாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். மரத்தைக் கையால் காட்டினார்.

கோடாலியை ஓங்கி ஒரு போடு போட்டேன். டங்கென்று சத்தம் வந்தது. மரத்தில் வெட்டு இல்லை. என் கடைவாய்ப் பல் வரைக்கும் அதிர்ந்தது. இரண்டாவது போட்டேன். கோடாலி துள்ளி என் காலுக்குப் பக்கத்தில் வந்து குத்தி நின்றது. மூன்றாவது போடு நன்றாக விழுந்தது. கோடாலி மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. மரத்தில் ஒரு காலை வைத்து இழுத்தேன். காம்பு மட்டும் வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன்.

நிலத்துக்காரர், "ஆப்பு எடுத்தாரலீங்களா?" என்றார்.

"ஆப்பா?"

அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். "உங்க ஆளுங்களா?"

"இல்லீங்க. வர்ற வழியில வண்டியில ஏறிக்கினான்" என்றான் ஏழுமலை.

புளிய மரம் முறுக்கு விழுந்த மரம். ஆப்பு அடித்துத்தான் பிளக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் வைத்து அறுக்க வேண்டும். ஏழுமலை சொன்னான், "நாளைக்கு மெஷின் எடுத்தாந்து அறுத்துக்கலாம்டா, அவசரம் இன்னா?" என்னால் அந்தப் பாறைக்காரர் முகத்தில் மறுபடி முழிக்க முடியாது. "வேணாம். இந்த மரம் சரியில்ல" என்று சொல்லிவிட்டேன்.

நல்ல புளியங்கட்டையைச் சரியில்லை என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் கோடாலித் தலையைத் தட்டி எடுத்துக் கையில் கொடுத்தார்.

மலை இறங்கினோம். ஏழுமலையின் நிலத்துக்குப் போய் வண்டியை நிறுத்தினான். அங்கே வரப்பு ஓரமாக மரங்கள் வெட்டிக் கிடந்தன. வேலிக்குக் கல்லுக்கால் நடப்போகிறான். அதனால் பழைய வேலி மரங்களைச் சாய்த்திருந்தான். ஒதியன் நிறைய. நடுநடுவே முள்முருங்கை.

சும்மா ஒரு கட்டையின் மேல் கோடாலியைப் போட்டுப் பார்த்தேன்.

பிளந்துகொண்டது. வாழைத்தண்டு மாதிரி. அடுத்த கட்டை. அதுவும் பிளந்தது. எனக்குச் சட்டைக்குள் உடம்பு பெரிதானது போல இருந்தது. வெள்ளிமலையில் விழுந்தவன் வேறு யாரோ. இருட்டுவதற்குள் அந்த வேலி முழுவதையும் பிளந்து தள்ளினேன். எல்லாம் ஒரே அளவு. ஒரே நீளம். கடையில் வைத்து விற்கலாம் போல இருந்தது.

ஏழுமலை ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் காதரு, இது ஒதியன்டா. ஒதி பெருத்தா உத்தரத்துக்கு ஆவுமான்னு கேள்விப்பட்டதில்ல?"

"உத்தரத்துக்கா எடுத்துக்கினு போறேன்? அடுப்புக்குத்தான."

"எங்க வூட்ல வெந்நி போடக்கூட இத எடுக்கமாட்டாங்கடா."

"சரியா காய வெச்சிருக்கமாட்டாங்க."

இதை மிகப் பெரிய பதில் என்று நினைத்தேன். வீடு வரும்வரை அதையே நினைத்து இரண்டு தரம் சிரித்துக்கொண்டேன். ஏழுமலைக்கு வரப்பு சுத்தமானது. அவன் அதற்கு மேல் வாதாடவில்லை.

மொட்டை மாடியில் அடுக்கிக் காய வைத்தேன். கோடை வெயில். நன்றாகக் காய்ந்தது. காயக் காயக் கனம் குறைந்தது. பட்டையை எல்லாம் உரித்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியேறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தாவும் ஒரு நாள் ஏறி வந்தார். ஒரு கட்டையை எடுத்தார். கை சட்டென்று மேலே போய்விட்டது.

"இன்னாடா, கனமே இல்ல?"

"ஈரம் கம்மி அத்தா."

அத்தா செருப்பு விற்கிறவர். தோல் கேட்டால் சொல்வார். மரம் தெரியாது. என் தோளில் கை வைத்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிக் கை வைத்தது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

பயம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தது. வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய், அம்மா கொல்லையில் கல் கூட்டி என் விறகில் வெந்நீர் போட்டார்கள். குப்பென்று பிடித்தது. "நல்லாப் புடிக்குதுடா" என்றார்கள். அடுத்த கட்டை வைத்தார்கள். அதுவும் குப்பென்று பிடித்தது. வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குண்டான் தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு அணைப்பு விறகு போய்விட்டது. நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பவுடர் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து கடையில் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டால் ஓட்டையை விட்டு வேறு இடத்தில் போட்டேன். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நல்ல விறகு வாங்க அப்போதும் நாள் இருந்தது. ஆனால் அத்தா தோளில் கை வைத்துவிட்டாரே. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நிறைய விறகு இருக்கிறது, கணக்குக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். வேலி முழுவதும் என்னிடம்தானே இருந்தது.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் விறகை இறக்கினேன். ஷரீப் பாய் வந்தார். ஒரு கட்டையை எடுத்தார். விரலால் தட்டினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"தம்பி, இது பந்தல் ஜோடனைக்கா?"

"அடுப்புக்கு, பாய்."

"எரியுமா?"

"நல்லா எரியும்."

"காயிதமும்தான் நல்லா எரியும்" என்றார். ஆனால் கறி வந்துவிட்டது, வெங்காயம் வெட்டியாகிவிட்டது. அவருக்கும் வேறு வழியில்லை. பற்ற வைத்தார்.

அப்படி ஒரு நெருப்பை நான் பார்த்ததில்லை. தேக்சாவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு எழும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா, பாய் வூட்டுக் கல்யாணத்துல பந்தல் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டார்கள். அடுத்த நிமிஷம் அணைந்துபோனது. மறுபடி வைத்தார்கள். எழும்பியது. அணைந்தது. ஷரீப் பாயின் ஆட்கள் இரண்டு பேரும் மில்லில் கரும்பு போடுவது மாதிரி விறகு போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் காதில் செருகிய பீடி செருகியபடியே இருந்தது.

"தம்பி, நீ விறகு எடுத்தாரல. பசி எடுத்த மாட்டைக் கூட்டியாந்து வுட்டுட்ட. திங்குது, திங்குது, அடங்கமாட்டேங்குது" என்றார் ஷரீப் பாய்.

எப்படியோ கறி வெந்தது. அரிசி அரைப் பதத்துக்கு வந்தது. மசாலாவில் கொட்டிச் சமன்படுத்தினார். மூடி போட்டு ஓரத்துக்கு மைதா மாவு பூசினார். என் விறகுக் குவியலில் மிச்சம் ஒரு கைப்பிடிதான். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தணல எடுங்கடா, மூடி மேல போடலாம்" என்றார் ஷரீப் பாய்.

ஆள் அடுப்புக்குள் கரண்டியை விட்டான். எடுத்தான். வெள்ளைச் சாம்பல். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி. மறுபக்கம் விட்டான். அதே பவுடர். காற்று லேசாக அடித்தது. கரண்டியில் இருந்ததும் பறந்து என் புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்தது.



ஷரீப் பாய் மெதுவாகச் சொன்னார். "அடிக்கு இந்தச் சூடு போதும். மேல தணலு வேணும்டா. மேல இல்லன்னா அரிசி பல்லுல நிக்கும். கஞ்சியும் ஆவாது, சோறும் ஆவாது."

அந்த நேரம் பார்த்து அத்தா பின்பக்கம் வந்தார். "ஹஜ்ரத் வந்துட்டாரு. மாப்ள வூட்டுக்காரங்க டிரஸ் மாத்திக்கினா நிக்காஹ் ஓதிடலாம். முடிஞ்சதும் பந்தி. எல்லாம் ரெடிதான பாய்?"

ஷரீப் பாய் என்னைப் பார்த்தார். அத்தாவும் என்னைப் பார்த்தார். தேக்சாக்களும் பார்த்தன.

"தணலு இல்லீங்க" என்றார் ஷரீப் பாய்.

அத்தா குனிந்து அடுப்பைப் பார்த்தார். நிமிர்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. காலைப் பார்த்தார். புதுச் செருப்பு ஏற்கனவே காலில்தான் இருந்தது. மாட்டிக்கொள்ள வேறு செருப்பு இல்லை. அப்படியே நின்றார்.

விறகுக் கடைக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம லீவுப்பா. நான் விருத்தாசலத்துல மாமனார் வூட்ல இருக்கேன்" என்றார் கடைக்காரர். பின்னால் அவர் சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

"விறகு வந்தாலும் எரிஞ்சி தணலாவறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்" என்றார் ஷரீப் பாய்.

"கேஸ் அடுப்பு எடுத்தாரவா பாய்?"

"எடுத்தா. மூடி மேல சிலிண்டரத் தூக்கி வெக்கலாம்."

ஒரு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டீக்கடையில் கேஸ். பேக்கரியில் கரண்ட் அடுப்பு. பரோட்டாக் கடையில் விறகு அடுப்புதான், ஆனால் சாயங்காலம்தான் திறப்பார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "தணல் இருக்கா?" என்று கேட்டேன். கல்யாண உடுப்பில், தலையெல்லாம் சாம்பலாக, கையில் சட்டியோடு ஒருத்தன் வந்து நெருப்பு கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு வீட்டில் கதவையே சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டு அம்மா, "சாம்பிராணிக்காப்பா?" என்று கேட்டு, பரிதாபப்பட்டு, இரண்டு கொட்டாங்குச்சித் துண்டு நெருப்பைப் போட்டார்கள். அது தெருமுனை வருவதற்குள் அணைந்துபோனது.

தெருமுனையில் நின்றேன். கண்ணில் தண்ணீர். புகையால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து மைக்கில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்த்தார்கள்.

அப்போது மூக்கில் வாசனை பட்டது. கரி நெருப்பு வாசனை.

பக்கத்தில் செல்வி அக்காவின் இஸ்திரி வண்டி.

அக்கா பெரிய பித்தளைப் பெட்டியைத் தூக்கி ஒரு சட்டை மேல் வைக்கப் போனாள். பெட்டி ஓட்டைக்குள் சிவப்பாக, அழகாக, உருண்டை உருண்டையாகத் தணல். எனக்கு அந்த நிமிஷத்தில் அதைவிட அழகான பொருள் உலகத்தில் இல்லை.

"அக்கா, தணல் வேணும்."

"இன்னாடா காதரு, தங்கச்சி கல்யாணத்தன்னிக்குச் சட்டி தூக்கிக்கினு வந்துட்ட?"

"பிரியாணி தம்முல நிக்குதுக்கா. விறகு கால வாரிடுச்சி."

"நான் இன்னா பண்றது? இதெல்லாம் மாப்ள வூட்டு சட்டைடா. வேன்ல கசங்கிடும்னு பையில எடுத்தாந்து குடுத்துட்டு பனியனோட நிக்கிறாங்க. இப்பதான் மொதல் சட்டையே எடுக்கறேன். மீசைக்காரரு ஒருத்தரு வந்து வந்து பாத்துட்டுப் போறாரு."

வண்டி மேல் சட்டைக் குவியல் இருந்தது. எல்லாம் கையகலத்துக்கு மடித்து மடித்துக் கசங்கியவை.

"அக்கா, சோறு இல்லன்னா சட்டை எதுக்குக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். பெட்டியைக் கல்லின் மேல் வைத்தாள்.

"மூட்டைக் கரி மழையில நனைஞ்சி கெடக்குது. பொட்டிக்குள்ள இருக்கறதுதான் நெருப்பு. கொட்டித் தரமாட்டேன். கொட்டினா காத்துல பறந்துடும், எனக்கும் இல்ல உனுக்கும் இல்ல. பொட்டியோட தூக்கு."

"மூடி மேலயாக்கா?"

"பின்ன, உன் தல மேலயா?"

அக்காவிடம் மூன்று பெட்டி. அடுத்த தெருவில் இஸ்திரி போடும் அவள் தம்பியிடம் இரண்டு. தம்பியைப் போன் போட்டு வரவழைத்தாள். அவன் எதற்கு என்று கேட்டான். "வந்து பாரு" என்றாள். சட்டைக் குவியலைத் தோளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியை முந்தானையால் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால், நான் பின்னால், தம்பி அதற்கும் பின்னால். மண்டபத்துக்குள் விருந்தாளிகள் வழி விட்டார்கள். என்ன சடங்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை.

ஷரீப் பாய் வெகுநேரம் பெட்டிகளைப் பார்த்தார்.

"எத்தினியோ தம் போட்டிருக்கேன். தம்முக்கு இஸ்திரி போட்டதில்ல" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "வை. மூக்கு வெளிய பாக்கணும். வயிறு நடுவுல வரணும். ம், அப்பிடித்தான். கனமும் ஆச்சு."

இரண்டு கனமான தேக்சா. அதன் மேல் கம்பீரமாக ஐந்து இஸ்திரிப் பெட்டி. கப்பல் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. செல்வி அக்கா போகவில்லை. "எம் பொட்டி இருக்கற எடத்துலதான் நான் இருப்பேன்" என்று இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள். நான் குனிந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊதிக்கொண்டிருந்தேன்.

அத்தா மறுபடி வந்தார்.

"இன்னாடா இது?"

"தம், அத்தா."

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பனியன் வந்து நின்றது.

ஜப்பார் மாமா.

"யம்மா, ஒன்ன எங்கெல்லாம் தேடறது? சட்டை எங்கம்மா? ஹஜ்ரத் ஒக்காந்துட்டாரு. மாப்ள பனியனோட இருக்காரு."

பேசிக்கொண்டே வந்தவர் தேக்சாவைப் பார்த்தார். மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"அது இன்னா?"

செல்வி அக்காதான் சொன்னாள். "உங்க சட்டைக்குப் போவ வேண்டிய பொட்டிங்க. சோத்துக்கு வந்திருக்குது."

"விறகு அடுப்புன்னு சொன்னீங்களே, சம்பந்தி?"

அத்தா தரையைப் பார்த்தார். அவர் காதோரம் வேர்வை ஒழுகியது. நூரு காலத்துக்கும் கேட்கப்போகிற சொல்லின் முதல் சொல் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஷரீப் பாய், "அடியில விறகுதாங்க" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மேலதான் இஸ்திரி, மாமா" என்றேன்.

ஷரீப் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜப்பார் மாமா கிட்டே வந்தார். மைதா பூசிய ஓரத்தில் ஒரு இடத்தில் மெல்லியதாக ஆவி வந்துகொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். மூக்கை வைத்து இழுத்தார். ரொம்ப நேரம் இழுத்தார். என்னை அறியாமல் தேக்சாவின் காதைப் பிடித்தேன். சுட்டது. விடவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"நிக்காஹ் ஓதி முடிக்கறதுக்குள்ள எறக்கிடலாம்ங்க" என்றார் ஷரீப் பாய்.

"இப்பப் பொட்டிய எடுத்துட்டா?"

"சட்டை நிக்கும். அரிசியும் நிக்கும்."

மாமா பெட்டிகளைப் பார்த்தார். தன் பனியனைப் பார்த்தார். அத்தாவின் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"யம்மா, சட்டைய அப்பிடியே குடு."

"கசங்கி இருக்குதுங்க."

"தெரியுது. குடு."

குவியலை மொத்தமாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். முன்பக்கம் அவர் குரல் மட்டும் கேட்டது. "எல்லாம் எடுத்து மாட்டுங்க. கசங்கினா கசங்கிச்சி. யாரும் ஒரு வார்த்த கேக்கக்கூடாது. டேய், மாப்ள, ஒனக்கும்தான்."

நிக்காஹ்வை நான் பார்க்கவில்லை. ஒரே தங்கை. மைக்கில் ஹஜ்ரத் ஓதுவது கேட்டது. மாப்பிள்ளை சம்மதம் சொன்ன குரல் கேட்டது. அப்போது நான் இரண்டாவது தேக்சாவில் ஒரு பெட்டியின் ஓட்டைக்குள் ஊதிக்கொண்டிருந்தேன். துஆ ஓதும்போது எல்லோரும் கை ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன். உள்ளங்கையில் தேக்சாவின் காது பதிந்திருந்தது.

ஷரீப் பாய் மாவைக் கீறி மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். நாங்கள் எல்லோரும் அந்த விரலைப் பார்த்தோம். அத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார் ஷரீப் பாய்.

அந்த "ம்"முக்கு அத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தேக்சாவில் இரண்டே பெட்டிதான். பெட்டி இல்லாத ஒரு ஓரத்தில் அரிசி நின்றுவிட்டது. ஷரீப் பாய் கரண்டியால் அந்த ஓரத்தைத் தனியாக வெட்டி எடுத்து ஒரு தட்டில் கொட்டினார்.

"இது யாருக்கும் போவக்கூடாது. ஒனக்கு."

சாப்பிட்டேன். பல்லில் சோறு பேசியது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

முன்பக்கம் பந்தி. ஜப்பார் மாமா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். கை கழுவிவிட்டு வந்து அத்தாவைக் கட்டிப் பிடித்தார். "சம்பந்தி, சட்டைதான் சுருங்கிச்சி. சோறு சுருங்கல" என்றார். அத்தா சிரித்தார். பேச்சுவார்த்தை நடந்த நாளிலிருந்து பாக்கி இருந்த சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நூரு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கிறவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் என்னைப் பந்தி பரிமாறக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் வைக்கக் கூப்பிடுகிறார்கள். அடுப்புப் பக்கம் போனால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பி விடுகிறார்கள். பொட்டிக்கு சொல்லியாச்சா என்று கேட்பவர்களும் உண்டு. மச்சான் இன்றைக்கும் தன் சட்டை கசங்கினால் என் பெயரைத்தான் சொல்லி நூருவைக் கூப்பிடுகிறார்.

நிக்காஹ் ஆல்பம் வந்தபோது போட்டோக்காரர் தயங்கித் தயங்கி, கம்ப்யூட்டரில் மடிப்பை எல்லாம் எடுத்துத் தருகிறேன் என்றார். "ஒரு மடிப்பையும் தொடாதீங்க" என்று நூரு சொல்லிவிட்டாள். அதனால் நடுப் பக்கத்தில் பெரிய குரூப் போட்டோ அப்படியே இருக்கிறது. ஜப்பார் மாமா வயிற்றின் மேல் நாலாக மடித்த கோடு பளிச்சென்று தெரிகிறது. மாப்பிள்ளை கழுத்துப் பட்டை ஒரு பக்கம் நிற்கிறது, ஒரு பக்கம் படுத்திருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்தப் படத்தில் நான் இல்லை. பின்பக்கம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

நூருவின் பிள்ளைகள் ஆல்பத்தைத் திறந்தால் வேறு எதையும் பார்ப்பதில்லை. நேராக அந்தப் பக்கத்துக்குப் போய், விரல் வைத்துக் கசங்கின சட்டையை எண்ணுவார்கள். நான் பக்கத்தில் இருந்தால் இழுத்து உட்கார வைத்துச் சத்தமாக எண்ணுவார்கள். போன பெருநாளன்றும் எண்ணினார்கள்.

பதினாலு.